சதுப்பு நிலத்தில் குதிரைப்படை

பல் டாக்டர் தன் குதிரைப்படையைச் சதுப்பு நிலத்துக்குள் விட்டார். தெரிந்தேதான் விட்டார்.

இந்த மேசைப் போர் விளையாட்டில், சதுப்பில் குதிரைக்குப் பாதித் தூரம்தான். அந்த விதியை எழுதியதே அவர்தான். ஆனாலும் டேப்பை இழுத்து முழுத் தூரத்தையும் கூச்சமில்லாமல் அளந்து, விரல் உயர ரோமானியக் குதிரைகளை எதிராளியின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினார்.

மேசைக்கு அந்தப் பக்கம் யானைக்காரர். ரோமின் பழைய எதிரி, யானைப்படைக்குப் பேர்போன கார்த்தேஜின் படையை ஆடுவதால் கூட்டம் அவருக்கு வைத்த பெயர் அது. பொம்மை யானைகள் ஒவ்வொன்றுக்கும் அவரே வண்ணம் தீட்டியிருந்தார், கண் இமை உட்பட.

கத்து, என்று மனதுக்குள் கெஞ்சினார் டாக்டர். ஒரே ஒரு தடவை கத்திவிடு.

போன வருடம் இதே வாடகை ஹாலில் இவர்கள் இருவரும் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது. யானை எதிரியை எட்டுமா எட்டாதா என்று கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகராறு. நடுவராகவும் இருந்த டாக்டர், எட்டாது என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? தோற்கத் தெரியாதவனெல்லாம் எதற்கு விளையாட வருகிறான் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

யானைக்காரர் படையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. வீட்டுக்கு எப்போது தேடிப் போனாலும் குளித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கித் தொலைத்திருக்கக் கூடாதா என்று டாக்டர் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

அதனால்தான் இந்த வருடம் புது ஏற்பாடு. ரோம் ஓர் அணி, கார்த்தேஜ் ஓர் அணி, மூன்று சுற்று. எல்லா மேசைப் புள்ளிகளையும் கூட்டினால் போரின் முடிவு. கூடவே, ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் பண்புக்கு ஐந்துக்கு மார்க் போட வேண்டும். அதுவும் அணிக் கணக்கில் சேரும்.

அழைப்பு அனுப்பும்போது நம்பிக்கையே இல்லை. யானைக்காரர் வந்துவிட்டார். கடைசிச் சுற்றில் அவர் தன் மேசைக்கே வரும்படி, டாக்டர் சீட்டுக் குலுக்கலில் கொஞ்சம் கைவரிசை காட்டினார்.

இப்போது யானைக்காரர் குனிந்து சதுப்பைப் பார்த்தார். குதிரைகளைப் பார்த்தார். டேப்பையும் பார்த்தார்.

“பரவாயில்லைங்க டாக்டர், வச்சுக்கோங்க.”

சிரித்த முகத்தோடு, தோற்றதாக ஒப்புக்கொண்டு, தன் யானைகளைத் தானே எடுத்து ஓரமாக வைத்தார். பல் பிடுங்க முதல் தடவை வருகிறவர்கள் கொடுப்பதுபோல மரியாதையாகக் கை கொடுத்தார்.

டாக்டர் மார்க் சீட்டை எடுத்தார். ஐந்துக்கு ஐந்து போட்டார். வேறென்ன போட முடியும்?

யானைக்காரரோடு ஆடிய மற்ற இருவரும் அதையேதான் போட்டிருந்தார்கள். ஆடிய மேசையிலெல்லாம் தோற்ற மனிதரின் பண்பு மார்க்கைச் சேர்த்ததும், மயிரிழையில் கார்த்தேஜ் போரையே ஜெயித்துவிட்டது! ஹாலில் ஒரே கைதட்டல், கேலி. அந்தச் சத்தத்துக்கு நடுவே யானைக்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலையசைப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

டாக்டர் மேசையை மடிக்கப் போனார். முதல் தடவை ஆட வந்திருந்த நூலகக்காரம்மா கை கொடுக்க வந்தார்.

“எவ்வளவு தன்மையான மனுஷர்! யாருங்க அவரு?”

“என் தம்பி. கூடப் பொறந்தவன்.”

நூலகக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நாள் முழுக்க இருவரும் வாங்க, போங்க என்று பேசிக்கொண்டதைக் கேட்டவராயிற்றே. டாக்டர் நன்றாகத் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டு, மேசையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.