அமானுல்லா ஊதிய விசில்

விசில் வீலென்று அலறியது.

ராயபுரம் மைதானத்தில் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்த பத்துப் பேரும் அப்படியே நின்றார்கள்.

பந்து மட்டும் நிற்கவில்லை. சின்னானின் கையை விட்டு முன்பே கிளம்பியிருந்த அது, வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வலைக்குள் விழுந்தது.

ஊதிய ரெஃப்ரி அமானுல்லாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. யாரும் கோட்டை மிதிக்கவில்லை. உதடு தானாக ஊதிவிட்டது.

பனியன் கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டி, அதுவும் இறுதி ஆட்டம். கூடை செல்லுமென்றால் சின்னானின் அணிக்கு ஒரு பாயிண்டில் வெற்றி. செல்லாதென்றால் கோப்பை அமானுல்லா சூப்பர்வைசராக இருக்கும் கம்பெனிக்கு.

பந்தலில் அவருடைய முதலாளி தங்கவேலு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"என்ன பவுலுங்க? சொல்லுங்க!" சின்னான் கத்தினான்.

"பீடின்னு நெனச்சு ஊதிப்போட்டாரு போல!" கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

'சின்னான் இடித்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரெஃப்ரி சொல்லுக்கு மறுபேச்சில்லை. சொல்லாவிட்டால் வேலை போகும். போன மாதம் எதிர்த்துப் பேசிய மெக்கானிக்கை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் முதலாளி.

அமானுல்லா நேராக ஸ்கோர் மேசைக்குப் போனார்.

"தப்பா ஊதிட்டனுங்க. அதுக்கு முன்னாலயே பந்து கையை விட்டுப் போயிருச்சு. கூடை செல்லும்."

மிச்ச விநாடிகள் கூச்சலிலேயே கரைந்தன. சின்னானைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அமானுல்லாவுக்கு நிலைகொள்ளவில்லை. கழுத்து விசிலைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை நோக்கி ஓடினார். முதலாளி குறுக்கே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏப்பா, பவுலே இல்லைங்கறே. அப்பறம் எதைக் கண்டு ஊதுனே? தோத்ததுமில்லாம இப்ப எங்க ஓடறே?"

"சின்னான் முதுகைப் பார்த்துத்தானுங்க ஊதுனேன். அவன் போட்டிருக்கறது இந்த டோர்னமென்ட்டுக்கு நாம குடுத்த துணி, நம்ம ஆறாம் நம்பர் பின்னல் மெஷின்ல ஓடுனது. ஊசி ஒடிஞ்ச கோடு நெட்டுக்க ஓடுதுங்க. துணியில கோட்டைக் கண்டா விசிலடிச்சு மெஷினை நிறுத்தறது ஷெட்டுப் பழக்கம், இங்கயும் வந்துருச்சு... கையை எடுங்க முதலாளி, போயி நிறுத்தோணும், அதே மெஷின்லதான் இப்ப ஜெர்மன் ஆர்டர் ஓடிட்டிருக்குது!"