நாலாவது பாட்டு

மாரிசெல்வம் ஜாஸ் டிரம்மர். பதினெட்டு வருஷம் சுற்றுலாக் கப்பல்களில் வாசித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பி வந்தவர். வாசிப்பு உச்சத்துக்குப் போகிற நாளில்தான் அவர் கையில் குச்சி முறியும். முறிந்த குச்சியில் தேதி, ஊர், எத்தனையாவது பாட்டு என்று எழுதி ஒரு மரப்பெட்டியில் போட்டுவைப்பார்.

வரும் ஞாயிறு ராஜபாளையம் கிளப்பில் கச்சேரி. பியானோ, பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று மூன்றே பேர். சொந்தச் சீமையில் அவர் வாசிப்பது இதுதான் முதல் தடவை. கிளப்பில் மூன்று பாட்டுக்குத்தான் நேரம் கொடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மனைவி நாகஜோதி அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, இந்தக் குச்சியில வர்ற ஞாயித்துக்கெழம தேதி போட்டிருக்கு. ராஜபாளையம், நாலாவது பாட்டுன்னு வேற எழுதியிருக்கு.”

அவர் வாங்கிப் பார்த்தார். குச்சி நடுவில் முறிந்திருந்தது. எழுத்து அவருடையதேதான். ஞாயிறுக்கென்று வாங்கிய புதுக் குச்சிகள் பையில் பிரிக்காமல் கிடந்தன.

“எனக்குப் பயமா இருக்குங்க.”

“எதுக்குட்டி பயம்? குச்சி முறிஞ்சிருக்குன்னா கச்சேரியப் பிச்சு உதறியிருக்கேன்னு அர்த்தம்!”

அந்தக் குச்சியைக் கையில் பிடித்தபடியே பியானோ வாசிக்கும் தாமோதருக்குப் போன் போட்டார்.

“ஏலே, மூணு முடிஞ்ச பொறவு சனம் விடாது. நாலாவதா ஒண்ணு கேக்கும். தயாரா வா.”

“எந்தப் பாட்டுண்ணே?”

“அத மட்டும் நான் எழுதல.”

சிரித்துக்கொண்டே குச்சியைப் பெட்டியில் போட்டார். பிறகு உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார். குச்சியின் பிடியில் ஞாயிற்றுக்கிழமை வாசித்த வியர்வை இன்னும் காயவில்லை.