நிலாவுக்கு இருநூற்றைம்பது நாள்

பேரணாம்பட்டுப் பள்ளியின் கரும்பலகையில் பஞ்சாட்சரம் வாத்தியார் நிலாவுக்கு ரயில் விடுகிறார். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் மைல். மணிக்கு நாற்பது மைல். நில்லாமல் ஓடினால் இருநூற்றைம்பது நாள். பிள்ளைகளின் கைதட்டல் அடங்கும்போது சவுரியம்மாள் வாசலில் வந்து நிற்கிறாள். முழங்கால்வரை ஏரிச்சேறு, பாவாடையில் அப்பன் வேலை செய்யும் தோல்கிடங்கின் வாசம். "சேரியிலேர்ந்து அஞ்சு நிமிஷ நடை. இன்னாத்துக்கு இவ்ளோ நேரம்?" என்று அதட்டுகிறார். "உங்க தெருவுல எங்கள நடக்க வுட மாட்டாங்களே அய்யா. ஏரியச் சுத்திகினு ரெண்டு மைல் வர்றேன்." இரண்டு மைல், மணிக்கு மூன்று மைல் என்று பழக்கத்தில் எழுதத் தொடங்கிய கை பாதியில் நிற்கிறது. பிள்ளைகள் விடைக்குக் காத்திருக்கிறார்கள். வாத்தியாரின் செருப்பில் ஒரு பொட்டுச் சேறில்லை.