ஒரே ஊர்

மலாயாவுக்கு வைத்தியம் பார்க்கப் போன தன் அப்பா, டாக்டர் அம்பலவாணர், அங்கே என்ன ஆனார் என்று தெரியாமலேயே சிவகௌரியின் அம்மா யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடினாள். அதன்பிறகு, பேச ஆளில்லாத அந்த வீட்டில், தாத்தாவைத் தேடும் வேலை ஒன்றுதான் சிவகௌரிக்குத் துணை. பழைய கப்பல் பதிவுகளைத் துழாவி, தோட்டம் தோட்டமாக விசாரித்து, கடைசியில் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கூடத்துச் சுவரில் தாத்தா மாலையோடு இருந்தார். அம்மாவுடைய அதே அகன்ற நெற்றி.

“எங்கப்பா அவருக்குச் சமையல்காரரா இருந்தாரு,” என்றாள் வீட்டுக்காரி அஞ்சலை. “தனக்கு யாருமே இல்லன்னு சொல்வாராம். அதனால கொள்ளி வச்சதும் அப்பாதான். இன்னிக்கு வரைக்கும் நாங்கதான் திதி குடுக்கறோம். ஆமா, நீங்க அவருக்கு யாரும்மா?”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ‘பேத்தி’ என்ற சொல்லை அவள் அங்கே சொல்லவில்லை.

“ஒரே ஊர்,” என்றாள் சிவகௌரி.

“அப்ப அங்க அவருக்குச் சொந்தம்னு யாராச்சும் இருந்தாங்களா?”

“ஒரு மகள் இருந்தவ. சாகுமட்டும் வாசலைப் பாத்துக்கொண்டே இருந்தவ.”

அஞ்சலை சிவகௌரியின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படத்துக்கு முன்னாலிருந்த விளக்கைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியை அவளிடம் நீட்டினாள்.

“நீங்களே ஏத்துங்கம்மா.”

வாங்கிக்கொண்ட சிவகௌரி, அதைத் திறக்காமல், யாருமே இல்லை என்று சொன்னவரின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.