மேடு இல்லாத ஊர்

"சியெனா போகலாம்," என்றாள் ஓர்னெல்லா.

"அந்தப் பக்கம் ரொட்டியில உப்பே போடமாட்டான். நோயாளியாட்டம் சாப்பிடச் சொல்றியா?" என்றான் அவள் புருஷன் டுய்லியோ. என் தம்பிதான்.

"சரி, ஒர்வியேத்தோ."

"அந்த ஊர் வெள்ளை ஒயின் குடிச்சா எனக்குத் தலைவலி."

"குடிக்காம இருங்க."

"ஒர்வியேத்தோவுக்குப் போயிட்டு ஒயின் குடிக்காம வர்றதா? வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"ஊர்பினோ?"

"ரயில் கிடையாது. பஸ்ல எனக்கு வாந்தி வரும்."

ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்து மேஜையில் பீச் பழமும் சீஸும் மட்டும் மிச்சம். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து வருஷா வருஷம் ரிமினி கடற்கரையில் அதே குடையின் கீழ்தான் அவளை உட்கார வைத்திருக்கிறான். இப்போதுதான், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், முதல் தடவையாகப் பழைய ஊர் ஒன்றில் தங்கப் போகிறார்கள். அவள் சொன்ன மூன்றும் மலைமேல் இருக்கிற அழகான ஊர்கள். எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை.

"நீயே ஒரு ஊர் சொல்லேன்," என்றேன்.

"ஃபெராரா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொசுவுக்குப் பேர்போன ஊர்டா அது. இந்த மேஜை மாதிரி தட்டையா கிடக்கும். ஏறி நின்னு பார்க்க ஒரு மேடு உண்டா?"

"கோட்டை இருக்கு, அகழி இருக்கு, பூசணிக்காய் அடைச்ச பாஸ்தா இருக்கு. வேறென்ன வேணும்?"

ஓர்னெல்லா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "உங்க இஷ்டம்," என்று காபி போட எழுந்து போனாள்.

"பொண்டாட்டி ஆசைப்பட்ட ஒரே ஒரு விஷயம். சுயநலம் பிடிச்சவன்டா நீ," என்றேன்.

அவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அவளுக்கு முழங்கால் போயிடுச்சு. நான் பார்க்கலைன்னு நினைச்சா நண்டு மாதிரி பக்கவாட்டுல படி இறங்குறா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. காலுக்காகத்தான் இந்த ஊர்னு சொல்லிப் பாரு, வீம்புக்கே மலை ஏறிக் காட்டுவா. நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன். நீ வாயைத் திறக்காதே."

இவனைப் போய்த் திட்டினேனே. அவளையாவது சமாதானப்படுத்தலாம் என்று சமையலறைக்குள் போனேன்.

அங்கே ஓர்னெல்லா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கோப்பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"கோபப்படாதே ஓர்னெல்லா. ஃபெராராவும் நல்ல ஊர்தான்."

"கோபமா, எனக்கா?" அடுப்பிலிருந்து காபியை இறக்கினாள். "அண்ணி, உங்க தம்பிக்கு மூச்சு வாங்குது. மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு, அந்தந்த வீட்டுக் கதவுல இருக்கிற பேரைப் படிக்கிற மாதிரி நடிக்கிறார். முப்பது வருஷமா அதே பேருங்கதான். மலையூர் அவருக்கு ஆகுமா?"

கதவை மெல்லச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"முதல்லயே நான் ஃபெராரான்னு சொல்லியிருந்தா, இந்நேரம் ஏதாவது மலை உச்சியில ரூம் போட்டிருப்பார்."