உச்சிப் பொந்து

நடுக்கிளையில் ஓர் அணில் குடும்பம் இருந்தது. "உச்சிப் பொந்து இப்போது நடுக்கிளைக்காரர்களுக்கும் கட்டுப்படியாகும்!" என்று கிளி தினமும் கூவியது.

"நமக்கு ஆகுமாங்க?" என்று பெண் அணில் கேட்டது.

"ஊருக்கே சேதி சொல்ற கிளி பொய்யா சொல்லும்?" என்றது ஆண் அணில். மழைக்காலத்துக்குச் சேர்த்த கொட்டைகளையெல்லாம் மரங்கொத்தியிடம் கொடுத்து அந்தப் பொந்தை வாங்கியது.

ஒரு வாரம் மழை விடவேயில்லை. இரை தேடி வெளியே போக வழியில்லை. கடைசி நாளில் அவர்களின் ஒரே குட்டி பசியில் இறந்துபோனது.

மழை விட்டதும் தாய் அணில் கிளியிடம் போனது. "கட்டுப்படியாகும்னு யாரைக் கேட்டுச் சொன்னீங்க? எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மரங்கொத்தியைக் கேட்டேன்," என்றது கிளி மெல்ல. "விற்கிறது அதுதானே."

தாய் அணில் பொந்துக்குத் திரும்பி, குட்டியைப் பல் படாமல் கவ்விக்கொண்டு மரத்திலிருந்து இறங்கியது.