ஏனோஸ் வாய் திறக்கவில்லை

“மூணு தடவை போயிருக்காங்க டேசி. உன் பாட்டனுக்குப் பாட்டன் வாயே திறக்கலை,” என்றார் எல்வுட், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.

பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில், மௌனமாய் அமர்ந்து வழிபடும் குவேக்கர் கிறிஸ்தவ சபையின் பழைய பதிவேடுகளைப் பாதுகாப்பவர் எல்வுட். ஆராதனைக்கூடத்தின் பின்னறையில் அவருக்கு எதிரே டேசி ஹிபர்ட் அமர்ந்திருந்தார். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். சிறு வயதில் மௌன ஆராதனையின் நடுவே சிரிப்பை அடக்க மாட்டாமல் சேர்ந்தே திட்டு வாங்கியவர்கள்.

“ஏனோஸ் என்ன தப்பு பண்ணாராம்?”

“பன்னி வேலி தாண்டி வந்துடுச்சுன்னு பக்கத்து நிலத்துக்காரனை அறைஞ்சுட்டார். துப்பாக்கியைத் தொடமாட்டோம்னு இருக்கற சபையில இது சின்ன விஷயமா? ‘வருந்தறேன்’னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி ரெண்டு பேரை அனுப்பியிருக்காங்க.”

“சொல்லியிருக்க மாட்டார். ஹிபர்ட் ரத்தமாச்சே.”

இளவேனிலில் அண்ணன் சைலஸை அடக்கம் செய்த நாளிலிருந்து, டேசி சனிக்கிழமை தவறாமல் இங்கே வருகிறார். தம் வம்சத்தில் ஒருவராவது இறங்கி வந்தாரா என்று தெரிந்தால் போதும் என்பார். அதன் வேர் எதுவென எல்வுட் அறிவார். தாயின் கல்லறையருகே, ‘அம்மாவைத் தனியா சாகவிட்டது நீதான்’ என்று எல்லோர் முன்னிலையிலும் டேசி அண்ணனிடம் சொன்னது ஊரறிந்த கதை. அதன்பின் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவே இல்லை.

“நீயாவது இறங்கி வந்திருக்கலாம்,” என்றார் எல்வுட். “‘அவ இன்னும் ஒரு வார்த்தை சொல்லலையே’ன்னு போன பனிக்காலம் வரைக்கும் சைலஸ் என்கிட்ட ஏங்கிக்கிட்டிருந்தான்.”

டேசியின் உதட்டோரம் கசப்பாய்க் கோணியது. “அப்படியா சொன்னான்?”

“பொய் சொல்ற ஆளா அவன்? அவனை மாதிரி பக்திமான் இந்தச் சபையிலேயே கிடையாது. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் கைகுலுக்கி, பெஞ்சையெல்லாம் இழுத்துப் போட்டாலும் கண்ணை மூடிக்கிட்டே உட்கார்ந்திருப்பான். தோளைத் தொட்டாத்தான் இந்த உலகத்துக்கு வருவான். பக்கத்துல உட்கார்ந்து குறட்டை விடற எனக்கே வெட்கமா இருக்கும்.”

“உன் குறட்டையை நிறுத்திட்டு ஏட்டைப் படி.”

எல்வுட் விரலை வரியின்மேல் ஓட்டினார். “‘வாசலில் நின்று கூப்பிட்டோம். விறகு பிளந்துகொண்டிருந்தவர் திரும்பவில்லை. எங்கள் நிழல் விறகின்மேல் விழுந்த பிறகே கோடரியைக் கீழே வைத்தார்.’ என்ன திமிர் பாரு. உள்ளே உட்காரவெச்சிருக்கார். ரெண்டு பேரும் தொப்பியோட தலையைக் குனிஞ்சுக்கிட்டே விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. பதில் இல்லை. அவங்களும் மௌனமாவே காத்திருந்திருக்காங்க.”

“இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே?”

“நம்ம ஆளுங்களா? மௌனமா இருக்கறவரை ரெண்டாந்தரம் கேட்டுத் தொந்தரவு பண்ணுவாங்களா? கடைசியில ஏனோஸே எழுந்து கைகுலுக்கி, ஆப்பிள் பை பலகாரம் கொடுத்து அனுப்பியிருக்கார். மூணு தடவையும் இதே கதை. மனம் இளகவில்லைன்னு எழுதி, பேரை அடிச்சுட்டாங்க. சபையை விட்டு நீக்கிட்டாங்க.”

டேசி பெருமூச்செறிந்தார். “கடைசிவரை திரும்பி வரலையா?”

எல்வுட் வேறோர் ஏட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

“ரயில்ல அடிபட்டுப் போயிருக்கார். நல்ல வெயில் நேரம். பாதையோரமா நடந்து போயிருக்கார். பின்னாடி வந்த ரயில் ரொம்ப நேரமா ஊதிக்கிட்டே வந்துதாம். அவர் விலகவே இல்லையாம்.”

“அதுக்குமா பிடிவாதம்?”

“இல்லை டேசி.” எல்வுட் கண்ணாடியைக் கழற்றினார். “வாசல்ல கூப்பிட்டது, ரயில் ஊதினது, ரெண்டுமே அவருக்குக் கேட்கலை. தலையைக் குனிஞ்சு பேசினவங்களோட உதடும் தெரிஞ்சிருக்காது. நம்மகூட மௌனமா ஆராதிக்க வந்திருக்காங்கன்னு நினைச்சிருப்பார். அதனாலதான் ஆராதனை முடியறப்போ செய்யற மாதிரி எழுந்து கைகுலுக்கியிருக்கார். நாமதான் நாலு தலைமுறையா அவரைக் கல்நெஞ்சன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்.”

டேசியின் முகம் வெளுத்தது.

“விடு. செத்துப்போனவரோட பேரை இப்பவாவது சரி பண்ணலாம். அடுத்த கூட்டத்துல நானே பேசறேன்,” என்று தேற்றினார் எல்வுட்.

“சைலஸோட தோளைத் தொட்டாத்தான் கண்ணைத் திறப்பான்னு சொன்னியே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“முந்தின வருஷம், சோள அறுவடை முடிஞ்ச சமயம்,” என்று தொடங்கினார் டேசி. “ஆராதனை நடுவுல, அவனுக்குப் பின் பெஞ்சுல உட்கார்ந்து, குனிஞ்சு மெதுவா மன்னிப்பு கேட்டேன் எல்வுட். அவன் தலையைக்கூட அசைக்கலை. ரெண்டாந்தரம் கேட்கக் கூடாதுன்னு நானும் சும்மா இருந்தேன்.”

எல்வுட் திகைத்துப் பார்த்தார்.

“முடியறப்போ யாரோ தோளைத் தொட்டதும் திரும்பி, என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். பதில் சொல்ல மனசில்லாம ஊருக்காக நீட்டறான்னு நினைச்சு, அந்தக் கையைத் தொடாமலே எழுந்து போயிட்டேன்.”